நினைத்தால் முளைக்கும் கருவை

அல்லிக்குளம் காலனியில் வீட்டை விற்க நினைப்பவர்களின் வீட்டுக்குள் சீமைக் கருவை முளைக்கிறது என்பது பழைய செய்தியாகி, அதைப் பேசுவதற்கே ஆளில்லாமல் போய், பால்காரரும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வரலாம் என்று வழக்கம் மாறிப்போன பிறகுதான், பூமயிலின் வீட்டு ஹாலில், டி.வி. ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு சாண் உயரத்துக்கு அது முளைத்தது.

காலனிக்குப் பெயர்தான் அல்லிக்குளம். குளமும் கிடையாது, அல்லியும் கிடையாது. கமுதியிலிருந்து சாயல்குடிக்குப் போகிற சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் கருவையாய் நின்ற இடத்தை, அந்தக் காலத்தில் அரசாங்க வேலையில் இருந்தவர்கள் சங்கம் வைத்து வாங்கி, வெட்டி, எரித்து, வேரைத் தோண்டி, மனை பிரித்துக்கொண்டார்கள். இனிமேல் இங்கே ஒரு முள் முளைக்காது என்று சங்கத் தலைவர் கால்கோள் விழாவில் மைக் பிடித்துப் பேசினார். சீமைக் கருவையை வேரோடு ஒழித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்பது அந்த ஜில்லாவில் கைக்குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

முதலில் முளைத்தது கருவூலத்தில் எழுத்தராக இருந்த மாரிச்சாமி வீட்டில். வீட்டை விற்றுவிட்டு மதுரையில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று ஒரு சாயங்காலம் அவர் மொட்டைமாடியில் உலாத்தியபடி மனசுக்குள் முடிவுசெய்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பீரோவுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரை விரிந்து, பொடி இலையும் வெள்ளை முள்ளுமாக அது நின்றது. வெட்டினார், தழைத்தது, மண்ணெண்ணெய் ஊற்றினார், தழைத்தது, கடைசியில் மனைவி கேட்டபோது உள்ளதைச் சொன்னார், அப்போதும் தழைத்தது. அவர் செத்த அன்றைக்குத்தான், பாடை கட்டி முடிப்பதற்குள், இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. நினைத்தவர் நினைப்பை விட்டால் கருவை காய்ந்துபோகும், இல்லாவிட்டால் நினைத்தவர் வீட்டை விட்டுப் போக வேண்டும், வேறு மருந்து கிடையாது என்று காலனி தெரிந்துகொண்டது அப்படித்தான்.

யாரும் மலைத்துப்போகவில்லை. வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில், மழைக்கு முன்னால் கரண்ட் போய்விடுகிற ஊரில், இதையும் ஒரு தொல்லையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இது மற்றத் தொல்லைகளைப் போல வாசலோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் யார் மனசில் என்ன இருக்கிறது என்பதைப் பச்சைப்பசேல் என்று எல்லோரும் பார்க்க நட்டுவைத்துவிட்டது. இருபது வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனைவிமார், காலையில் கோலப்பொடி டப்பாவை எடுக்கப் போகும்போது முள்ளில் கை பட்டு, புருஷன் தனக்குத் தெரியாமல் என்ன நினைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டார்கள். ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் தன் கட்டிலுக்கு அடியில் முளைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்று மகன்களில் எவன் நினைத்தது என்று கேட்டு, மூன்று பேரும் வாயைத் திறக்காததால் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு வீட்டில் முளைத்தால் அந்தத் தெருவில் விலை இறங்கியது. விலை இறங்கினால், இன்னும் இறங்குவதற்குள் நாமும் தள்ளிவிட்டுப் போய்விட்டால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்தார். நினைத்த மறுநாள் அவர் வீட்டிலும் முளைத்தது. இப்படியே ஒரு கோடைக்குள் மூன்று தெருவும் உள்ளுக்குள் காடாகிப்போனது. வெளியில் பார்த்தால் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்து அம்சமாக இருக்கும், கதவைத் திறந்தால் முள் இருக்கும்.

இந்த வீடுகளையும் விற்றார்கள். விற்கத்தானே நினைத்தார்கள். ஒருவர் மரத்தைச் சுற்றி அலமாரி அடித்து மறைத்தார். ஒருவர் மஞ்சள் துணி கட்டி, வேல் நட்டு, முன்னால் உண்டியலும் வைத்து, இது சுயம்பாக வந்த அம்மன், வீட்டோடு சேர்த்துக் கொடுக்கிறோம் என்றார். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே நாற்காலி போட்டு இளநீர் கொடுத்து, காற்று இங்கேதான் நன்றாக வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது பார்க்க என்று சமாளித்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஈடு கொடுத்தவர் வீட்டு புரோக்கர் சிக்கந்தர் பாய். அவர் அளவும் எடுக்க மாட்டார், சுவரையும் தட்டிப் பார்க்க மாட்டார். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கைலியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹால், படுக்கையறை, அடுப்படி என்று வெறுங்காலோடு மெதுவாக ஒரு நடை நடப்பார். காலில் குத்தினால் "வாரேங்க" என்று போய்விடுவார். குத்தாவிட்டால்தான் உட்காருவார். கருவையை வெட்டி எடுத்துவிட்டுப் பாய் விரித்து மறைத்தவர்கள் எல்லாம் அவர் காலிடம் மாட்டிக்கொண்டார்கள்.

சண்டை முற்றிய வீடுகளில் ஞாயத்துக்கு ஒரு வழியும் வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் தாம்பாளத்தில் சூடத்தைக் கொளுத்தி, அந்த வீட்டு ஆம்பிளைகளை ஒவ்வொருவராக வரச்சொல்லி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். நினைத்தவன் கை நடுங்கும், நினைக்காதவன் கை நடுங்காது என்று ஒரு கணக்கு. பெண்களை யாரும் கூப்பிட்டதில்லை. வீடு விற்பதும் வாங்குவதும் ஆம்பிளை நினைப்பு, பொம்பிளைக்கு அந்த நினைப்பு எங்கிருந்து வரும் என்று ஆண்களும் சொன்னார்கள், பெண்களும் சொன்னார்கள். அவ்வளவு கெட்டிக்காரத்தனத்தையும் வைத்துக்கொண்டு காலனி கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்.

பூமயில் வீடு அதுவரை சுத்தமாக இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. காலையில் சிவப்புத் தரையைத் துடைத்துவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று கதவை விரியத் திறந்து வைப்பாள். அந்தச் சுவர்கள் எழும்பும்போது, வயிற்றில் மங்களேஸ்வரியை வைத்துக்கொண்டு, தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி நனைத்தவள் அவள். புருஷன் தனுஷ்கோடி மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். ஊரிலுள்ள கம்பத்தில் எல்லாம் ஏறி இறங்கினார், வீட்டு விஷயத்தில் மட்டும் அவள் சொல்லைத் தாண்டி ஒரு ஆணி அடித்தது கிடையாது.

மங்களேஸ்வரி அவர்களுக்கு ஒரே மகள். விருதுநகரில் கட்டிக்கொடுத்து, அங்கே பட்டதெல்லாம் பட்டு, ஒருநாள் மத்தியானம் ஒரே ஒரு பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், இறங்கி வந்ததிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. தாண்டவிடவில்லை என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்த பிள்ளை என்று காலனி ஒரு கண்ணால் பார்க்கிறதே என்பது பூமயிலுக்குத் தாங்க முடியவில்லை. அதனால் மகளுக்கும் உலகத்துக்கும் நடுவில் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ரத்தம் பரிசோதிக்கிற லேப் படிப்பு படித்தவள் மங்களேஸ்வரி, டவுன் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்றபோது, "எதுக்கு? வீடு இருக்குல்ல" என்றாள் பூமயில். கூடப் படித்தவள் கல்யாணத்துக்குப் போய் வரட்டுமா என்றபோதும் "அங்க போயி நாலு பேரு வாயில விழணுமா, வீடு இருக்குல்ல" என்றாள். வருகிற வரன்களை எல்லாம் "இவனும் அவனை மாதிரி இருந்தா? வேணாந்தா. வீடு இருக்குல்ல" என்று தட்டிவிட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் கண்ணை மூடினால் பிள்ளைக்கு இந்த நாலு சுவர்தான் துணை, இதையாவது யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே அவளுக்குச் சாமியிடம் இருந்த ஒரே வேண்டுதல். அந்த ஆசையில் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குற்றம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கருவை முளைப்பதற்கு முந்தின நாள் ஓசூரிலிருந்து ஒரு போன் வந்தது. ஏதோ பெரிய ஆஸ்பத்திரி லேப், தங்குவதற்கு ஹாஸ்டல், அடுத்த வாரமே சேரலாம் என்று ஒரு பெண் பேசினாள். மங்களேஸ்வரி "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூமயில் போனை வாங்கி, "அம்மா, எங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. புள்ளைய வேலைக்கு அனுப்பித் திங்கிற நெலமையில நாங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். மங்களேஸ்வரி சின்ன வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

மறுநாள் விளக்குமாற்றோடு நின்ற பூமயிலுக்கு இதில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கருவையைப் பார்த்தாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். வீட்டில் ஆம்பிளை ஒருவர்தானே.

"எந்திரிங்க."

"என்ன?"

"எந்திரிச்சு வந்து இதப் பாருங்க. என்ன நெனச்சீங்க நேத்து?"

தனுஷ்கோடி வந்து குனிந்து பார்த்தார். வயர்மேன் வேலையில் அடிபட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். "நான் ஒன்னும் நெனைக்கல பூமயிலு."

"சிக்கந்தர் பாய்கூட டீக்கடையில உக்காந்திருந்தீங்களாமே."

"டீ குடிச்சேன்."

"டீ மட்டும்தான் குடிச்சீங்களா?"

"ஒரு வடையும் தின்னேன். அதுக்குமா முள்ளு மொளைக்கும்?"

பூமயில் சிரிக்கவில்லை. மங்களேஸ்வரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், அப்பா தன் பக்கம் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பூமயில் கதவைச் சாத்திவைத்தாள். கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தே காலனி தெரிந்துகொண்டது. அடுத்த வீட்டு சௌந்தரம் டீச்சர் ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவருகிற சாக்கில் வந்து, டி.வி. ஸ்டாண்டுப் பக்கம் பார்வையைப் போட்டுவிட்டு, "அடப்பாவமே, நம்ம அண்ணனா? பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள். அவள் வீட்டில் அடுப்படி ஜன்னல் வரைக்கும் கருவை வளர்ந்திருந்தது. அதில் அவள் குழம்புக் கரண்டியை மாட்டி வைத்திருந்தாள்.

ஒரு சாண் இடுப்பளவானது. இடுப்பளவு தோளளவானது. டி.வி. ஸ்டாண்டு ஒருபக்கம் தூக்கிக்கொண்டது, தரை பிளந்தது, குடத்தில் எடுத்துவைத்த தண்ணீர் காலையில் பாதியாக இருந்தது. பூமயில் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு, கருவைக்கு முன்னால் வைத்து, "நெனச்ச ஆளு வந்து திங்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவர் வந்து உட்கார்ந்து, சோற்றில் விழுந்த கருவை இலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தின்பார். எவ்வளவு பெரிய தப்பு அது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

கடைசியில் அவரே பிள்ளையார் கோயிலுக்குப் போனார். கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டியிருக்கவில்லை. காலனி மொத்தமும் பார்க்க, கொளுத்திய சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, அணைத்து, அணைந்த பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்து, "இந்த வீட்ட விக்க நான் மனசால நெனைக்கல" என்றார். கை நடுங்கவில்லை. அடுத்த தெரு ஆட்கள் "நல்ல மனுசன்யா" என்றார்கள். பூமயில் வேகமாக வீட்டுக்கு வந்து பார்த்தாள். கருவை நின்றது, கொழுந்து விட்டிருந்தது.

"சூடத்தையும் ஏமாத்திட்டீங்க" என்றாள்.

தனுஷ்கோடி கொப்புளம் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் போயிட்டா நம்புவியா?"

"போங்க. போனாத் தெரிஞ்சுரும்ல."

பரமக்குடியில் இருக்கிற தம்பி வீட்டுக்கு அன்றைக்கு மத்தியான பஸ்ஸிலேயே அவர் கிளம்பினார். வேட்டி சட்டையைப் பையில் வைத்ததும் மங்களேஸ்வரிதான், பஸ் வரைக்கும் கூட வருகிறேன் என்று வாசலுக்கு வந்ததும் அவள்தான். "நீ உள்ள போ" என்றாள் பூமயில். அப்பா, மகளின் தலையில் வெந்துபோகாத கையை வைத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரியும் என்று அந்தக் கையின் கனத்திலேயே மங்களேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லாமல் போகிறார் என்பது அவளைக் கொன்றது.

கருவை காயவில்லை. அவர் போன வாரத்தில்தான் விட்டத்தைத் தொட்டது. வாசலில் நின்று பார்த்த சௌந்தரம் டீச்சர் மோவாயில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணன் போயும் நிக்கிதே. அப்ப வேற யாரு?" என்றாள். வேறு யார் என்று கேட்டுவிட்டு, பூமயிலை ஏற இறங்கப் பார்த்தாள். தெருவே அப்படித்தான் பார்த்தது. புருஷனை விரட்டிவிட்டு வீட்டை விற்றுச் சுருட்டப் பார்க்கிறாள், கெட்டிக்காரி என்று குழாயடியில் பேச்சு ஓடியது.

பூமயில் பரமக்குடிக்குப் போன் போட்டாள். "வந்துருங்க. நீங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நான் சொன்னப்ப நம்பல. சூடத்த அணைச்சப்ப நம்பல. முள்ளு சொன்னதும் நம்புற. நீ முள்ளுகூடவே இரு பூமயிலு" என்று வைத்துவிட்டார். அவர் கோபப்பட்டு அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து பூமயிலை உலுக்கின. அந்தக் காலனியில் எந்தப் பெண்ணும் செய்யாததை அவள் செய்தாள். தானே தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், கட்டிச் சூடத்தை உள்ளங்கை அளவுக்குக் கொட்டிக் கொளுத்தி, "எல்லாரும் வந்து பாருங்க. என்னையச் சொன்ன வாயெல்லாம் வந்து பாருங்க. அந்தச் செவுத்துக்குத் தண்ணி சொமந்தவ நானு. நானா விக்க நெனைப்பேன்?" என்று கத்தினாள். கூட்டம் கூடியது. கூட்டத்துக்குப் பின்னால், வாசலைத் தாண்டாத மங்களேஸ்வரி, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பூமயில் கையை நீட்டியதும் தாம்பாளத்தைத் தட்டிவிட்டாள். எரிகிற சூடம் மண்ணில் சிதறியது.

"நீ பொசுங்காத. நான்தான் நெனச்சேன்."

பூமயிலுக்கு விளங்கவில்லை. "என்ன நெனச்ச?"

"வீட்ட வித்துரணும்னு. யாருக்காச்சும் வித்துட்டு இது இல்லாமப் போயிரணும்னு."

"ஏட்டி, உனக்காகத்தானட்டி அந்த வீடு!"

"எனக்காகன்னு யாரு கேட்டா? எதுக்கெடுத்தாலும் வீடு இருக்குல்ல, வீடு இருக்குல்லன்னியே. இல்லாமப் போகட்டும்னு நெனச்சேன். அப்பவாச்சும் என்னைய எங்கயாச்சும் போன்னு விட வேண்டி வரும்ல. அப்பாவ நீ சந்தேகப்பட்டப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா அதையும் பூட்டி வச்சிருவியோன்னு பயந்து சொல்லல. அப்பா பாவத்த நான் சொமக்குறேன். உன் பங்கையும் நீ சொமந்துதான் ஆகணும்."

சூடம் மண்ணில் எரிந்து தானாக அணைந்தது. கூட்டம் மெதுவாகக் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனது. அன்றைக்கு அல்லிக்குளம் காலனியில், மகளுக்குச் சோறு போடுகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் போட்டார்கள். சில வீடுகளில் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வீடுகளின் ஆண்கள் எத்தனை பேர் செய்யாத குற்றத்துக்குக் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்று கணக்கெடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, வேறு பேச்சுப் பேசினார்கள்.

மங்களேஸ்வரி ஓசூர் லேப்புக்குப் போன் போட்டு, இடம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, மறுநாள் கிளம்பினாள். வந்த அதே பையை எடுத்துக்கொண்டாள். பூமயில் தடுக்கவில்லை. நிலைப்படியில் நின்று, "என்னைக்குத் திரும்பி வருவ?" என்று கேட்டாள்.

மங்களேஸ்வரி யோசித்துத்தான் சொன்னாள். "நீ நெசமாவே இத விக்கணும்னு நெனைக்கிற அன்னைக்கு வாரேன். வந்து உன்னையும் அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். நீ வாயால சொன்னா நம்ப மாட்டேன். மொளைச்சா சொல்லு."

அவள் பஸ் ஏறி, பஸ் கமுதி விலக்கைத் தாண்டுவதற்குள், கருவை இலையை உதிர்க்க ஆரம்பித்தது. சாயங்காலம் குச்சியாக நின்றது. ரெண்டு நாளில் லேசாக இழுத்ததும் வேரோடு கையில் வந்தது. பச்சையாக இருக்கும்போது கடப்பாரைக்கு அசையாத வேர். விறகுக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். கொத்தனார் வந்து பிளந்த இடத்தில் சிமெண்டு பூசிச் சிவப்புச் சாயம் போட்டார். காலனியிலேயே முள் இல்லாத ஒரே வீடாக அது மறுபடியும் ஆனது, கதவைத் திறந்து வைத்தால் தெருவிலிருந்தே தரை பளபளவென்று தெரிந்தது. அந்தத் தரையில் நடக்க ஆள்தான் இல்லை.

பூமயில் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, வீட்டின் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் மனசு வெறுத்துப்போய், போதும், விற்றுவிடலாம் என்று வாய்விட்டுச் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். தரை தரையாக இருந்தது. பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அடுப்பு மேடைக்குக் கீழே எல்லாம் பார்த்தாள். ஒரு கொழுந்து இல்லை.

அன்றிலிருந்து அதுவே அவளுக்கு வேலையானது. காலையில் குளித்துவிட்டு ஹால் நடுவில் உட்கார்ந்து, விற்கிறேன், விற்கிறேன், இந்தச் சுவரை விற்கிறேன், நான் சுமந்த தண்ணீரை விற்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைப்பாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மேற்குச் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறதே, தீபாவளிக்குள் பூச வேண்டுமே என்று இன்னொரு நினைப்பு அடியிலிருந்து எழும்பி வந்துவிடும். சாலையோரத்தில் கிடந்த கருவை நெற்றுகளை மடியில் பொறுக்கிக்கொண்டு வந்து, தரையில் துளை போட்டு, புதைத்து, தண்ணீர் ஊற்றினாள். வேண்டாம் வேண்டாம் என்று ஊரே அடித்து விரட்டினாலும் முளைக்கிற செடி, அவள் கெஞ்சியும் முளைக்கவில்லை.

சிக்கந்தர் பாய்க்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து செருப்பைக் கழற்றி, ஹால், படுக்கையறை, அடுப்படி என்று வெறுங்காலோடு நடந்து, திரும்பி வந்து, உட்காராமல் நின்றார்.

"உக்காருங்க பாய். முள்ளு இல்லல்ல? நல்ல வெலைக்குப் போகும்ல?"

"வாங்குறதுக்கு இதவிட நல்ல வீடு இந்த ஊர்ல கெடையாதுக்கா. ஆளுக வரிசையில நிக்கிறாங்க."

"அப்ப கூட்டிட்டு வாங்க."

சிக்கந்தர் பாய் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவருக்குச் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. "முள்ளு குத்தாத வீட்டுல எல்லாம் உக்காந்து பேசிப் பாத்துட்டேன்க்கா, ஒன்னும் கைமாறல. விக்கிற வீட்டுல முள்ளு இருக்கும். இல்லேன்னா நீங்க விக்க மாட்டீங்க. நாளைக்கு அட்வான்ஸ் வாங்குற அன்னைக்கு முடியாதும்பீங்க. தரை சொல்லுதுல்ல, நான் எதுக்கு நாலு பேர அலைய விடணும்?" என்றார். பூமயில் குடிக்கக் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரமக்குடியிலிருந்து போன் வருவதில்லை. ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும். மங்களேஸ்வரி சாப்பாடு, வேலை, குளிர் என்று எல்லாம் சொல்வாள், கடைசியில் அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். பூமயிலும் இன்னும் இல்லை என்று சொல்வாள். ஐப்பசி பிறந்து, மழை பிடித்துக்கொண்டு, தெருவில் சனநடமாட்டமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளால் இன்னும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"மொளைச்சிருச்சாம்மா?"

"மொளைச்சிருச்சுத்தா."

மங்களேஸ்வரிக்குக் குரல் மாறியது. "நெசமாவா? எங்க?"

"அதே எடத்துலதான். டி.வி. ஸ்டாண்டுகிட்ட. ஒரு சாண் இருக்கும். நீ கெளம்பி வா. அப்பாவக் கூப்பிட்டுச் சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டாரு."

"இரு, வீடியோல வாரேன். காட்டு."

பேச்சை வெட்டித் தப்பிக்க ஒரு நொடிதான் இருந்தது. கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் போன் அடித்தது, எடுத்தாள். மகளின் முகம் தெரிந்தது, கண் எல்லாம் ஈரமாக, பின்னால் யாருடைய கட்டிலோ, யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருக்கிற ஒரு சின்ன அறை. "காட்டும்மா" என்றாள் மங்களேஸ்வரி. பூமயில் போனைத் திருப்பி, டி.வி. ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்தாள். காலையில் ரெண்டு தடவை துடைத்த தரை, ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பளபளவென்று கிடந்தது.



"தரைய நல்லாத் தொடச்சிருக்கம்மா" என்று சொல்லிவிட்டு மங்களேஸ்வரி போனை வைத்தாள்.

பூமயில் போனைத் தரையைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள்.